எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சத்திரமாக இருந்த காலம்

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி என் மகள் வெகுநேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "சாப்பிட ஒண்ணுமே இல்லப்பா" என்றாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். உள்ளே விரல் நுழைய இடமில்லை. தக்காளி சாஸ் மட்டும் மூன்று பாட்டில், மூன்றும் திறந்தவை. டப்பாவுக்கு மேல் டப்பா, அதற்கு மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்தை மூடியிருந்த தட்டின் மேல் பாதி எலுமிச்சை. பின்னால் இருந்த தயிரை எடுக்க, முன்னால் இருந்த நாலு பொருளை வெளியே வைக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த தயிரும் புளித்துப்போய் மேலே நீர் விட்டிருந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. சாமான் நிறைய இருந்தது, சாப்பாடு இல்லை.

அன்றைக்கே சுத்தம் செய்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அழகாக அடுக்கிய ஃப்ரிட்ஜ்களின் படங்களை இரவெல்லாம் பார்த்துவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிகள் பன்னிரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டினேன். காய், பழம், பால் பொருள், நொறுக்குத்தீனி, மீந்தவை. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் மாற்றினேன். படமும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அது மூன்று வாரம் தாங்கியது. 'பழம்' என்ற பெட்டியில் வெண்ணெய் இருந்தது. 'மீந்தவை' பெட்டி பொங்கி வழிந்தது. மூடி போட்ட பெட்டிகளை யாரும் திறக்கவில்லை. திறக்காததால் உள்ளே இருந்தவை அமைதியாக அழுகின. முன்பு ஒழுங்கில்லாமல் கெட்டவை இப்போது பெயர்ப்பலகையோடு கெட்டன, அவ்வளவுதான் வித்தியாசம். நான் செய்தது குப்பையை அடுக்கிவைக்கும் வேலை என்று அப்போது புரியவில்லை. பெட்டி போதவில்லை, இன்னும் நாலு வாங்கலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. பின்சுவரை ஒட்டி வைத்திருந்த கீரைக்கட்டு உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வெளியே எடுத்ததும் கறுத்துச் சாறாக ஒழுகியது. அதே ஃப்ரிட்ஜில், கதவுத் தட்டில் வைத்த பால் இரண்டே நாளில் திரிந்தது. ஒரு பக்கம் உறைகிறது, ஒரு பக்கம் கெட்டுப்போகிறது. மெஷின் பழுது என்று முடிவு செய்து மெக்கானிக்கை அழைத்தேன்.

வந்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தார். மேல்தட்டில் இருந்த இரண்டு பெட்டிகளை வெளியே எடுத்தார். பின்சுவரில் இருந்த நீளமான ஓட்டைகளைக் காட்டினார். "இதுதான் சார் காத்து வர்ற வழி. இத அடைச்சிட்டு ஃப்ரிட்ஜ் கூலாகலன்னா அது என்ன பண்ணும்?"

எங்களுடையது பனி தானாக உருகும் வகை. அதில் குளிர்க்காற்று ஃப்ரீசர் பக்கம் உருவாகி, ஒரு சின்ன மின்விசிறி தள்ள, அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கீழே வருகிறது. வந்த காற்று எல்லாத் தட்டுகளையும் சுற்றிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். வாயிலிலேயே பெட்டியை வைத்து அடைத்தால், வாயிலை ஒட்டியிருக்கும் பொருள் உறையும், மற்ற இடத்துக்குக் குளிர் போய்ச் சேராது. என் பன்னிரண்டு பெட்டிகளும் சேர்ந்து செய்த காரியம் அதுதான். அடைசலான ஃப்ரிட்ஜ் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அது வேலையே செய்யாது என்பது அன்றுதான் தெரிந்தது.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். உள்ளே 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு ஒன்று இருக்கிறதல்லவா, அதை நான் வாங்கிய நாளிலிருந்து 2-இல் வைத்திருந்தேன். எண் குறைந்தால் குளிர் அதிகம், ஏதோ டிகிரிக் கணக்கு என்று என் எண்ணம். அது டிகிரியே இல்லை. இந்த மாதிரித் திருகுகளில் பெரும்பாலும் எண் கூடினால்தான் குளிர் கூடும். படித்தவன் என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் தலைகீழாகத் திருகி வைத்திருந்திருக்கிறேன்.

ஒரு சின்ன வெப்பமானி வாங்கினேன். இந்த முயற்சியில் நான் செய்த ஒரே உருப்படியான செலவு அது. தட்டில் சும்மா வைத்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்றின் சூடு மாறி அளவும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் முதல் முறை கதவைத் திறந்ததும் பார்க்க வேண்டும். 9 டிகிரி காட்டியது. இருக்க வேண்டியது 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகள் செழித்துப் பெருகும் எல்லை. தோதான சூட்டில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். குளிர் என்று நம்பி நாங்கள் வைத்ததெல்லாம் அந்த எல்லைக்கு உள்ளேயே இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவது என்று முடிவானது. ஒவ்வொரு தட்டாகச் செய்யலாம் என்று முதலில் யோசித்தேன். மனைவிதான் தடுத்தாள். "தட்டுத் தட்டா செஞ்சா மேல இருக்கறது கீழ போகும், கீழ இருக்கறது மேல வரும். மொத்தமா எடுங்க" என்றாள். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜை மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். மேஜை போதாமல் நாற்காலிகளிலும் வைத்தோம். பால், இறைச்சி, மீன், சமைத்தவை மட்டும் ஐஸ் போட்ட ஒரு வாளிக்கும் பெரிய பாத்திரத்துக்கும் போயின. ஃப்ரீசர் பொருள்களைப் பழைய போர்வையில் சுற்றி வைத்தோம். மகள் எண்ணினாள். ஃப்ரீசரை விட்டுவிட்டு எழுபத்து நாலு பொருள். நாலு பேர் இருக்கும் வீட்டில்.

அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். காவலுக்கு வந்ததுபோல.

முதல் டப்பாவைக் கையில் எடுத்தேன். சமைத்த பருப்பு, எந்த நாளையது என்று தெரியவில்லை. குப்பைப் பைக்குக் கொண்டு போனபோது அம்மா, "குடு இங்க" என்று வாங்கி மோந்து பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு. சுட வெச்சா ஆச்சு."

எங்கள் வீட்டில் உச்ச நீதிமன்றம் அம்மாவின் மூக்கு. அதை எதிர்த்து வாதாட எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. நாற்றம் வரவைக்கும் கிருமி வேறு, நோய் வரவைக்கும் கிருமி வேறு. முன்னது மூக்குக்குத் தெரியும். பின்னது பெருகினாலும் வாசனை, நிறம், ருசி எதுவும் மாறாமல் இருக்கலாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெதுவாக வளரக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அதனால் ஆபத்து அதிகம். சுட வைத்தால் போதும் என்பதும் எப்போதும் சரியாகாது. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா கொதிக்கும் நீரிலும் விதை வடிவில் தப்பிக்கும். ஆறவிட்டு அப்படியே வெளியே வைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "இத்தன நாளா யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எப்போதோ வரும் வயிற்று வலிக்கெல்லாம் நாங்கள் வெயிலைத்தானே திட்டியிருக்கிறோம்.

வாதம் வேலைக்காகாது என்று விட்டுவிட்டு, கேள்வியை மாற்றினேன். 'கெட்டுப்போச்சா' என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் சண்டை வரும். அதனால், "இத யார் சாப்பிடப் போறாங்க? என்னிக்கு?" என்று கேட்டேன். பருப்பு டப்பாவைப் பார்த்து அம்மா கொஞ்சம் யோசித்தாள். மகளைப் பார்த்தாள், அவள் தலையாட்டினாள், வேண்டாம் என்று. என்னைப் பார்த்தாள். பிறகு தானே எழுந்து குப்பையில் கொட்டினாள்.

அன்று பகல் முழுக்க அந்த ஒரே கேள்விதான். இருபத்தொன்பது பொருள் குப்பைக்குப் போயின. பன்னிரண்டு, மீந்த சமையல். எட்டு, சாஸ், ஜாம் மாதிரி பாட்டில்கள். எல்லாவற்றிலும் அடியில் இரண்டு ஸ்பூன் மிச்சம். ஐந்து, காய்கறி. மீதி நாலு என்னவென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மகள் அவற்றைத் தனியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டில் எட்டு டப்பாவை உள்ளே வைத்தது அம்மா. அவளே சொன்னாள், சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "தூக்கிப்போட மனசு வராது. அதான் உள்ள வெச்சுடுவேன். நாலு நாள் கழிச்சு கெட்டுப்போனா அப்ப தூக்கிப்போடறது சுலபமா இருக்கும்."

எங்கள் ஃப்ரிட்ஜ் எப்படி இப்படி ஆனது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. குப்பைத்தொட்டிக்குப் போகிற வழியில் சாப்பாடு ஒரு வாரம் தங்கிப்போகும் சத்திரமாக அதை வைத்திருந்திருக்கிறோம். அம்மா மட்டுமல்ல. அந்த எட்டு பாட்டில்களும் என்னுடையவை. 'இன்னும் கொஞ்சம் இருக்கே' என்று வைத்துவிட்டு, புதிது வாங்கித் திறந்தவன் நான். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் போனது வீடுகளிலிருந்து. உணவகங்களும் கடைகளும் அதற்குப் பின்னால்தான். இதை அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நோக்கம் அதுவல்ல, ஆனாலும் பரவாயில்லை.

வீணான இருபத்தொன்பது போக, இன்னொரு பதினாலு பொருள் ஃப்ரிட்ஜுக்கே தேவையில்லாதவை. உருளைக்கிழங்கு, வெங்காயம், தேன், பிரெட், திறக்காத சாஸ் பாட்டில்கள், பாட்டரி செல்கள், யாரோ பரிசாகக் கொடுத்த நகப்பூச்சு. உருளைக்கிழங்கை அதிகக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது சீக்கிரம் கருகும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகலாம். பிரெட் பூஞ்சை பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் ஃப்ரிட்ஜ் குளிரில் வெளியில் இருப்பதைவிட வேகமாக வறண்டு கெட்டியாகும். நாள்பட வேண்டுமென்றால் ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். தேன் உறைந்து பாறையாவதைத் தவிர வேறு பயனில்லை. தக்காளியைப் பற்றி மட்டும் வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு. 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் மணம் போய்விடும் என்பதால் பழுக்கும்வரை வெளியே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நன்றாகப் பழுத்துவிட்டால் மணத்தைவிட அழுகாமல் இருப்பது முக்கியம், உள்ளே வை என்பது மனைவியின் கட்சி. இரண்டும் சரிதான், எந்தத் தக்காளி எந்தக் கட்சி என்பதில்தான் சண்டை.

ஆக, திரும்ப உள்ளே போனவை முப்பத்தொன்று.

அதற்கு முன்னால் கழுவல். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு எச்சரிக்கை தவிர. குளிர்ந்த கண்ணாடித் தட்டைக் கழற்றிய கையோடு வெந்நீரில் வைக்காதீர்கள், விரிசல் விடும், அறைச்சூட்டுக்கு வரட்டும். வாசனை தூக்கலான கிருமிநாசினியும் வேண்டாம், வெண்ணெயும் பாலும் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கலந்து துடைத்தது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இவ்வளவு செய்தும் ஒரு வாடை போகவில்லை. உள்ளே பளிச்சென்று இருக்கிறது, திறந்தால் லேசாக ஒரு ஊசல் நாற்றம். இரண்டு நாள் தேடினேன். ஒரு பகுதி, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பில் இருந்தது. மடிப்பை விரித்துப் பார்த்தால் கறுப்பாகப் பூஞ்சை. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன். அப்படியே ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்தால் எளிதில் வராமல் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். கீழ் மூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த ஜாம்தான் ரப்பரைப் பதியவிடாமல் தடுத்திருந்தது. துடைத்ததும் சரியானது.

மீதி வாடை உள்ளேயே இல்லை, வெளியே இருந்தது. ஃப்ரிட்ஜின் பின்னால், கம்ப்ரஸருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. உள்ளே உருகும் பனிநீர் குழாய் வழியாக அதில் வந்து விழும், கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிப் போகும். பத்து வருஷமாக அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தூசியும் பாசியும் சேர்ந்து அது ஒரு குட்டிக் குட்டையாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைத் துடைத்தேன். வாடை போனது. உங்கள் வீட்டில் எவ்வளவு துடைத்தும் நாற்றம் போகவில்லையென்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அடுக்குவதற்கு வந்தோம். முதல் தடவை வகை பார்த்து அடுக்கியிருந்தேன், காய் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம் என்று. இந்த முறை இரண்டு விஷயம் மட்டும் பார்த்தோம். அந்த இடத்தில் எவ்வளவு குளிர், அந்த இடம் கண்ணில் படுமா.

கதவுதான் ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம். திறக்கும்போதெல்லாம் வீட்டுக் காற்றில் குளிக்கும். ஆனால் பால் பாட்டிலுக்கும் முட்டைக்கும் ஏற்ற அளவில் கதவுத் தட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து நாமும் வைக்கிறோம். இப்போது கதவில் சாஸ், ஜாம், ஊறுகாய், தண்ணீர் மட்டும். உப்பும் சர்க்கரையும் புளிப்பும் தாங்களே தங்களைப் பார்த்துக்கொள்ளும். பாலும் முட்டையும் உள்ளே, பின்பக்கமாக, ஆனால் காற்று ஓட்டையை விட்டுக் கொஞ்சம் தள்ளி. பால் இப்போது இரண்டு நாளில் திரிவதில்லை.

பச்சை இறைச்சியும் மீனும் எப்போதும் கீழ்த்தட்டில், விளிம்பு உயர்ந்த தட்டுக்குள். இதில் அழகெல்லாம் பார்க்கக் கூடாது. மேலே வைத்தால் அதன் நீர் சொட்டுவது, அடுப்பைப் பார்க்காமல் நேரே வாய்க்குப் போகிற பழத்தின் மேல்.

காய்கறி டிராயர்களில் சின்னதாக ஒரு தள்ளு மூடி இருக்கும், பலரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அதை மூடினால் உள்ளே ஈரப்பதம் தங்கும். கீரை, கேரட், வாடக்கூடிய எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். திறந்தால் ஈரமும் பழங்கள் விடும் வாயுவும் வெளியேறும். ஆப்பிள், பேரிக்காய் போன்றவை எத்திலீன் என்ற வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். எங்களிடம் டிராயர் இரண்டு இருந்ததால் மூடியது ஒன்று, திறந்தது ஒன்று என்று வைத்துக்கொண்டோம். ஒன்றுதான் இருக்கிறதென்றால் கீரைக்குக் கொடுத்துவிட்டு ஆப்பிளை மேல்தட்டுக்கு அனுப்புங்கள். கீரையைக் கழுவி வைக்காமல், காய்ந்த துணியில் சுற்றி வைத்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் நிற்கிறது. துணி ஈரமானால் மாற்ற வேண்டும். ஈரம் வேண்டும், நீர் நிற்கக் கூடாது.

கண்ணுக்கு நேரான தட்டுதான் வீட்டின் முச்சந்தி. முன்பு அங்கே சாஸும் ஜாமும் நின்றன, மீந்த சமையல் பின்னால் ஒளிந்திருந்தது. இப்போது அதில் மூடியில்லாத ஒரே ஒரு நீளத் தட்டு. இன்றோ நாளையோ தின்று முடிக்க வேண்டியவை மட்டும் அதில் இருக்கும். மீந்தது, நறுக்கிய காய், பாதிப் பழம், தேதி நெருங்கும் தயிர். 'முதலில் உண்ண' என்று எழுதி ஒட்டினேன். அம்மா அதைக் கிழித்துவிட்டு 'என்னைத் தின்னு' என்று மகளை எழுதச் சொன்னாள். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "என்னைத் தின்னுல என்ன இருக்கு?" என்றுதான் இப்போது கேட்கிறார்கள்.

பன்னிரண்டு பெட்டிகளில் நாலுதான் மிச்சம், அவையும் மூடியில்லாமல். பின்னால் இருப்பதை இழுத்து எடுக்கும் டிராயர் மாதிரி அவை பயன்படுகின்றன. அந்த அளவில் நல்லவை. பாட்டில்களுக்கென்று சுழலும் வட்டத்தட்டு ஒன்று மனைவி வாங்கினாள். சதுரமான ஃப்ரிட்ஜில் வட்டத்தை வைத்தால் நாலு மூலையும் வீண் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் அதைச் சுற்றிவிட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டச் சொல்வார்கள். நாங்களும் செய்தோம், யாரும் பார்க்கவில்லை. 17 என்று எழுதியிருந்தால் இன்று என்ன தேதி என்று யோசிக்க வேண்டும், கழிக்க வேண்டும். அதற்குப் பதில் கிழமை எழுத ஆரம்பித்தோம். 'செவ்வாய்' என்று பார்த்ததுமே மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. சமைத்தது மூன்று நாலு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் கிழமையே போதும். அடுத்த செவ்வாய் வரை ஒரு டப்பா இருந்தால் அது தேதிக் குழப்பமே இல்லை, வேறு பிரச்சினை.

சூடான பொருளை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் இரவுச் சமையல் மீந்தால், ஆறட்டும் என்று மேடையில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். ஒரு பெரிய பாத்திரம் ஆற விடியும். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம்தான். கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் பக்கத்திலிருப்பவை சூடாகும் என்பதும் உண்மை. இரண்டுக்கும் வழி, அகலமான ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றுவது. அரை மணியில் சூடு தணிந்துவிடும், உள்ளே தள்ளிவிட்டுத் தூங்கப் போகலாம். அம்மா இதை உடனே ஏற்றுக்கொண்டாள், பாத்திரம் கூடுதலாகத் தேய்ப்பது நானாக இருக்கும்வரை.

ஃப்ரீசரைப் பற்றி ஒரு பத்தி போதும். அங்கே விதி தலைகீழ். கீழே காற்று ஓட இடம் வேண்டும், மேலே நெருக்கமாக இருந்தால் நல்லது. உறைந்த பொருள்களே ஒன்றையொன்று குளிராக வைத்துக்கொள்ளும். கதவைத் திறக்காமல் இருந்தால், மின்சாரம் போனாலும் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழே ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம்தான். −18 டிகிரியில் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன, அதனால் வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும். பைகளைத் தட்டையாக உறையவைத்துப் புத்தகம் மாதிரி நிறுத்தினால் இடமும் மிச்சம், தேடலும் மிச்சம்.

கடைக்குப் போகுமுன் திறந்த ஃப்ரிட்ஜை ஒரு படம் எடுத்துக்கொள்வது என் பங்கு வழக்கம். மூன்று சாஸ் பாட்டில் கதைக்கு அதுதான் முற்றுப்புள்ளி. பட்டியல் எழுதினால் வேண்டியதைத்தான் எழுதுவோம், இருப்பது நினைவுக்கு வராது. வாங்குவதற்கு முந்தின நாள் இரவு, மீந்து கிடப்பதையெல்லாம் சேர்த்து ஏதாவது ஒன்று சமைக்கிறோம். பெயர் வைக்க முடியாத பண்டமாக வரும். சில நேரம் அபாரம். சில நேரம் எல்லோரும் அமைதியாகச் சாப்பிடுவோம்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை பழையபடி ஆனது, விருந்தாளிகள் வந்த ஒரு வாரமும் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரமும். ஆனால் முப்பது பொருளை அடுக்கக் கால் மணி நேரம்தான் ஆகிறது. எழுபத்து நாலை அடுக்க ஒரு நாள் ஆனது. நடுத்தட்டில் எப்போதும் ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம் வைத்திருக்கிறோம். அதைப் பார்த்தால் ஏதாவது வைக்கலாமே என்று கை துடிக்கத்தான் செய்கிறது. வெப்பமானி 4 காட்டுகிறது.

போன வாரம் இரவு தண்ணீர் எடுக்கத் திறந்தபோது, பால் பாட்டிலுக்குப் பின்னால் சின்னக் கிண்ணம் ஒன்று தட்டுப்பட்டது. தட்டு போட்டு மூடி, கிழமை எழுதாமல். திறந்தால் ஒன்றரை ஸ்பூன் சோறு. அம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்கும்மா?"

"காலைல பாத்துக்கலாம்டா. நீ போய்ப் படு."

கிண்ணத்தை எடுத்து 'என்னைத் தின்னு' தட்டில் முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.